கூரையில் செருகிய இலை

என் மகளின் வகுப்பில் அந்தக் கோடைத் தவணை முழுவதும் கப்பல்கள்தான். சுவரில் நீலத் தாள் ஒட்டி அதைக் கடலாக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் ஐரோப்பா பச்சையாக இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட கம்பளி நூல்கள் குண்டூசிகளைச் சுற்றிக்கொண்டு ஆபிரிக்காவின் அடிமுனை வழியாக இந்தியாவைத் தொட்டு, எங்கள் தீவில் வந்து முடிந்தன. சிவப்பு நூல் போர்த்துக்கேயர். மஞ்சள் நூல் ஒல்லாந்தர். ஒவ்வொரு பிள்ளையும் அட்டையில் ஒரு கப்பல் வெட்டி ஒட்டியிருந்தது. மகளின் கப்பலில் பாய்கள் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தன. காற்று இல்லாத நாளிலும் கப்பல் போகவேண்டும் என்பதற்காக அப்படி வெட்டினாளாம்.

அதே மாதிரி இன்னொரு கப்பலை வீட்டிலும் செய்துகொண்டிருந்தாள். அது அம்மப்பாவுக்கு. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் போகாது என்று சொன்னேன். அப்படியென்றால் தட்டையாக மடித்துக் கடிதத்துக்குள் வைப்போம் என்றாள். கடிதமும் போவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றை நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவளுடைய அம்மப்பா, என் அப்பா, இறந்துவிட்டார்.

அந்தச் செய்தி முந்தைய குளிர்காலத்தில் வந்தது. கொழும்பில் இருந்த ஒரு தூரத்து மாமா தொலைபேசியில் சொன்னார். கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்த யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். நீரிழிவுக்காரர், மருந்து கிடைக்கவில்லை, கால் புண் ஆறவில்லை. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நடந்திருக்க வேண்டும் என்றார் மாமா. யார் கொள்ளி வைத்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அயலில் யாரோ ஒரு பெடியன் என்று கேள்வி, என்றார். நான் ஒரே பிள்ளை. அம்மா எனக்குக் கல்யாணம் ஆகுமுன்பே போய்விட்டார்.

மகள் பிறந்தது யாழ்ப்பாணத்தில். கணவர் முதலில் லண்டன் வந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் விசா கிடைக்கும் வரையில் அப்பாதான் அவளை வளர்த்தார் என்று சொல்லலாம். கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வரும் நாட்களில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பங்கருக்குள் இறங்குவார். எங்களோடு வரச் சொல்லிக் கெஞ்சினேன். நீங்கள் போங்கள், நான் பிறகு வாறன் என்றார். வரமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியுமா, தெரியாதா? இன்றுவரை அந்தக் கேள்விக்கு ஒரு நாள் ஒரு பதிலும் மறுநாள் இன்னொரு பதிலும் சொல்லிக்கொள்கிறேன்.

லூயிஷாமில் கவுன்சில் தந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்த பிறகும் மகள் தொலைக்காட்சியில் விமானத்தைக் கண்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். இரவில் படுக்கையை நனைப்பாள். எங்கள் டாக்டர் நல்ல மனிதர். பிள்ளைக்கு ஒரு வருடமாவது அமைதி வேண்டும், ஊர்க் கெட்ட செய்திகளை அவள் காதில் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லிச் சில கிழமைகளில்தான் மாமாவின் தொலைபேசி வந்தது. அப்போது எனக்கு இரண்டாவது மகள் பிறந்து முப்பத்தொரு நாள்கூடக் கழியவில்லை. கணவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, மேலங்கியைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லாதேயும். அவள் கொஞ்சம் தேறட்டும். பிறகு பக்குவமாச் சொல்லுவம்" என்றார்.

பக்குவமான நாள் ஒன்று வரும் என்று நானும் நம்பினேன். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு என்று நினைத்தேன். பிறகு அவளுக்கு அம்மை போட்டது. பிறகு அவளுடைய பிறந்தநாள் வந்தது. படுக்கை நனைவது நின்றது. நின்றதை ஏன் நாமே கெடுப்பது என்று தோன்றியது. இப்படியே கோடை வந்துவிட்டது.

ஆடி அமாவாசை அந்த வருடம் பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடுவதற்குச் சற்று முன் வந்தது. அப்பா இறந்த திதி எனக்குத் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் என்று ஈஸ்ட் ஹாமில் கடைக்கார அம்மா ஒருவர் சொன்னார். எனக்கும் அது தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்கவேண்டியிருந்தது. அண்ணன் தம்பி இல்லாத பெண் தகப்பனுக்காக விரதம் பிடிக்கலாமா என்றும் அவரிடமே கேட்டேன். "ஏன் பிள்ளை, உமக்கு அவர் தகப்பனில்லையோ?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு கட்டு வாழையிலை தந்தார். ஓரங்கள் குளிர்பெட்டியில் கறுத்திருந்தன. அமாவாசைக்குக் காத்தோட்டங்காய்க் கறி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் காய் லண்டனில் யாருக்குத் தெரியும்? கசப்புக்குக் கசப்பு என்று பாகற்காய் வாங்கினேன். ரயிலில் வரும்போது அது சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து முழுகி, சமைத்து, அப்பாவின் படத்துக்கு முன் படைத்தேன். படத்தை உடுப்புப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்திருந்தேன். பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்தேன். மாடப்புறாக்கள் வந்து தின்றன. விரட்டுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு இலையில் சாப்பிட்டேன். கணவர் உறங்கிக்கொண்டிருந்தார். குழந்தை தரையில் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தது.

சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து எழுந்தேன். என் கை தானாக மேலே போனது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் வீட்டில் விரதச் சாப்பாடு சாப்பிட்ட இலையை வெளியே எறிவதில்லை. மடித்துக் கூரையில், ஓட்டுக்கும் மரத்துக்கும் இடையில் செருகிவிடுவார்கள். பறங்கி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய பழக்கம் என்று சொல்வார்கள். போர்த்துக்கேயர் கோயில்களை இடித்து, சனங்களைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்திய காலம். விரதம் பிடிப்பதும் தகப்பனுக்குத் திவசம் கொடுப்பதும் வீட்டுக்குள் ஒளித்துச் செய்யவேண்டிய காரியமாயிற்று. முற்றத்தில் மரக்கறி சாப்பிட்ட இலை கிடந்தால் யாராவது பார்த்துக் காட்டிக்கொடுப்பார்கள். அதனால் கூரைக்குள் ஒளித்தார்கள். போர்த்துக்கேயர் போய், ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயரும் போன பிறகும் சில வீடுகளில் கைகள் மட்டும் அதை விடவில்லை. எங்கள் வீடு அப்படியான வீடு.

கவுன்சில் வீட்டில் கூரை ஏது? சமையலறைச் சுவர் அலுமாரிக்கு மேலே, கூரைத் தட்டுக்கும் அலுமாரிக்கும் இடையில், கை நுழையும் அளவுக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே வைத்தேன். குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுவது மகளின் வேலை. அவள் கண்ணில் பட்டால் கேட்பாள். போர்த்துக்கேயரில்லாத ஊரில் எனக்கும் ஒளிப்பதற்கு ஓர் ஆள் இருந்தது. அவளுக்கு எட்டு வயது.

மறுநாளே அவள் அதைக் கண்டுவிட்டாள். கப்பலுக்கு ஒட்டுவதற்குப் பசை தேடிக் கதிரையில் ஏறியிருந்தாள்.

"அம்மா, அலுமாரிக்கு மேல ஒரு வாழையிலை கிடக்கு."

அது சும்மா, கறி சுத்தி வந்தது என்றேன்.

"சோறு ஒட்டிக்கிடக்கே."

இறங்கு, விழப்போறாய் என்று அதட்டினேன். அவள் இறங்கினாள். பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. நான் இலையை எடுத்து எறிந்துவிட்டு, மறந்தும் போனேன்.

அந்தக் கிழமையில்தான் வகுப்பில் நான் பேசவேண்டிய நாளும் வந்தது. வகுப்பாசிரியை என்னைவிட இளையவர். பின்னேரங்களில் வாசலில் நின்று ஒவ்வொரு தாயோடும் இரண்டு வார்த்தை பேசுவார். நூல்கள் எங்கள் தீவில் வந்து முடிவதைக் காட்டி, கப்பல்கள் வந்து சேர்ந்த பக்கத்திலிருந்து யாராவது பிள்ளைகளுக்குச் சொன்னால் நல்லது என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஆசிரியர் ஒருவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. ஊரில் சரித்திரம் ஒரு பாடமாகப் படித்தவள். இங்கிலீஷில் எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். கடைசி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள் என்று எழுதிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று வெட்டினேன். வெட்டினால் பொய் சொல்கிறேனோ என்று திரும்பவும் எழுதினேன்.

"நீர் என்ன, பாராளுமன்றத்திலையோ பேசப்போறீர்? மூக்கு வழியிற பிள்ளையளப்பா" என்று கணவர் சிரித்தார்.

பிள்ளைகள் கம்பளத்தில் கால் மடித்து இருந்தார்கள். மகள் முன்வரிசையில், முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பெருமை. தாய் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்காக அன்று தலையைத் தானே வாரிக்கொண்டாள். குழந்தையை ஆசிரியை தன் மடியில் வாங்கிக்கொண்டார். நான் கறுவாப்பட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்து மணக்கச் சொன்னேன். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்றேன். இதற்காகவா என்று ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பயம் கொஞ்சம் விட்டது.

கோட்டையைப்பற்றிச் சொன்னேன். கோயில் கற்களைக் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வதைச் சொன்னேன். அப்போது, தலையில் நிறையச் சின்னச் சின்னப் பின்னல் போட்ட ஒரு பெண் பிள்ளை கையை உயர்த்தினாள். கோயில் போனால் அந்தச் சனங்கள் எங்கே கும்பிட்டார்கள் என்று கேட்டாள். நான் எழுதி வந்த தாளில் அதற்கு விடை இல்லை. வீட்டுக்குள் ஒளித்துக் கும்பிட்டார்கள் என்றேன். எப்படி ஒளித்தார்கள் என்று இன்னொரு பிள்ளை கேட்டது. பிள்ளைகள் முன்னுக்கு நகர்ந்து வந்தார்கள். ஒளிப்பது என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தானே.

அப்போதுதான் இலையின் கதையைச் சொன்னேன். கையை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரைக்குள் இலையைச் செருகிக் காட்டினேன். நான் நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அது தெரிந்தது. லண்டனுக்கு வந்த பிறகு இத்தனை பேர் ஒரே நேரத்தில் நான் சொல்வதைக் கேட்டதில்லை.

இப்போதும் செய்கிறார்களா என்று பின்னல் போட்ட பிள்ளை கேட்டாள்.

சில வீடுகளில் செய்கிறார்கள் என்றேன். செத்துப்போன தகப்பனை நினைத்துச் சாப்பிடாமல் இருந்து, பிறகு சாப்பிடும் நாளில்.

சொல்லி முடிக்கும்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கையை உயர்த்தியிருந்தாள். ஆசிரியையிடம் அனுமதி கேட்பதுபோல நேராக, விரல்களைச் சேர்த்து உயர்த்தியிருந்தாள். பள்ளிக்கூட வாசலுக்குள் வந்தால் ஒரு சொல்கூடத் தமிழ் பேசமாட்டாள். நான் பேசினாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள்.

"அம்மா, எங்கட வீட்டில கிடந்த இலை ஆருக்கு?"

அவள் மெல்லத்தான் கேட்டாள். வகுப்பில் வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆசிரியை குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டே, எவ்வளவு அழகான மொழி, அவள் என்ன கேட்டாள் என்று சொல்வீர்களா என்றார்.

நான், வீட்டுச் சாமான் ஒன்றைப்பற்றிக் கேட்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு மறுமொழி கிடைத்துவிட்டது. கையை இறக்கி, இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். கடற்கொள்ளைக்காரர் இருந்தார்களா, கப்பலில் எலி இருந்ததா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அப்போதே பேச்சை நிறுத்திவிட்டு அவளை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? ஆசிரியை முன்னால், பிள்ளைகள் முன்னால், தொடங்கிய காரியத்தை ஒழுங்காக முடிக்கவேண்டும் என்று நின்றேன். கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வீட்டுக்கு நடந்து போனோம். எப்போதும் தள்ளுவண்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு வருபவள் அன்று முன்னுக்கு நடந்தாள். சந்தையைத் தாண்டினோம். வியாபாரிகள் மரக்கறிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் பாலத்துக்குக் கீழே வந்ததும் நின்றாள். திரும்பவில்லை.

"அம்மப்பா செத்துப் போட்டாரோ?"

"ஓம், குஞ்சு."

மேலே ரயில் ஒன்று போனது. போய் முடியும்வரையில் இருவரும் நின்றோம். எப்போது என்று கேட்டாள். குளிர்காலத்துக்கு முன்பு என்றேன். எந்த நாள் என்று கேட்டாள். அது எனக்கும் தெரியாது என்றேன். அவள் அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். அதுதான் நான் சொன்னவற்றில் முழு உண்மை.

"கொன்சர்ட்டுக்கு முந்தியோ, பிந்தியோ?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கூடத்து நத்தார் கொன்சர்ட்டில் அவள் தனியாக நான்கு வரி பாடினாள். கணவர் அதைக் கசெற்றில் பதிந்தார். அம்மப்பாவுக்கு அனுப்புவதற்காக, பாட்டு முடிந்த பிறகு அவள் வீட்டில் இருந்து அதே கசெற்றில் பேசினாள். பல் விழுந்ததைச் சொன்னாள். தங்கச்சி பிறந்ததைச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து, பொத்தானை அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"முந்தி" என்றேன்.

"அப்ப நான் சும்மா கதைச்சனானோ?"

இல்லை என்று சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மலிவான பதில் என்று தெரிந்தது. நான் குனிந்து அவளை அணைக்கப் போனேன். அவள் பள்ளிப் பையை முன்பக்கமாக மாட்டி, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இடமிருக்கவில்லை. நீங்கள் அழுதீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். எங்கே அழுதீர்கள் என்றாள். குளிக்கிற அறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு, என்றேன்.

"நான் உள்ள வந்திருப்பன்" என்றாள்.

வீட்டுப் படிகளில் ஏறும்போது அவள் வண்டியின் முன்பக்கத்தை எப்போதும்போலத் தூக்கிப் பிடித்தாள். கணவர் இரவு வேலைக்கு எழும்ப இன்னும் நேரம் இருந்தது. அவருடைய அறைக்கதவு சாத்தியிருந்தது. அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, அந்தக் கதவைத் தலையால் காட்டிக் கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தங்கச்சிக்கு?"

தங்கச்சி பால்குடி, அவளுக்கு என்ன தெரியும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் பால் காய்ச்சப் போனேன். அவளுக்குப் பசிக்கும் என்று பாண் வாட்டினேன். வெண்ணெய் பூசினேன். இது சமயமா, சாப்பாடு கொடுக்கிற நேரமா என்று நினைத்து, வேறு என்ன கொடுப்பது என்றும் தெரியாமல், ஜாமும் பூசினேன். அவளுடைய சத்தத்தைக் காணவில்லை. பிள்ளைகளின் அறைக்குப் போனேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

குழந்தையைத் தொட்டிலில் இருத்தியிருந்தாள். அவள் தரையில் முழங்காலிட்டு, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்திருந்தாள். தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குழந்தையோடு தமிழில் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, இஞ்ச பார். எங்கட அம்மப்பா செத்துப் போட்டார். எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். நீ அவரைக் காணேல்லை. நான் கண்டனான்."

குழந்தை அவளுடைய மூக்கைப் பிடிக்கக் கை நீட்டியது. அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவர் உயரமா கட்டையா, என்ன நிறச் சைக்கிள் வைத்திருந்தார், நித்திரையில் எப்படிக் குறட்டை விடுவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். சைக்கிளின் நிறத்தைப் பிழையாகச் சொன்னாள். திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். பால் கோப்பை கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தால் உள்ளே போகலாம் என்று கதவுக்கு வெளியே நின்றேன். அவள் திரும்பவில்லை.